எட்டு விரல் வடக்கே

அந்தப் படகோட்டி குடித்திருக்கிறான் என்றுதான் நினைத்தேன்.

1954, தை மாதம், காலை ஒன்பது மணி இருக்கும். புதுச்சேரிக் கடற்கரையில் வேலை எதுவும் இல்லாமல் நின்றுகொண்டிருந்தேன். வேலை இல்லாமல் நிற்பதில் இருபது வயதிலேயே எனக்கு ஓரளவு தேர்ச்சி இருந்தது. பிரெவே என்கிற பிரெஞ்சுப் பள்ளிப் பரீட்சை தேறியவன். ஒரு பத்திர அலுவலகத்தில் நாலு மாதம், ஒரு மருந்துக் கடையில் ஆறு வாரம். இரண்டு இடத்திலும் கேள்வி அதிகம் கேட்கிறேன் என்று அனுப்பிவிட்டார்கள்.

கரையிலிருந்து இரண்டு மைல் தள்ளி ஒரு கப்பல் நங்கூரம் போட்டு நின்றது. இங்கே கப்பல் கரைக்கு வராது, ஆழம் போதாது. கடலுக்குள் நீண்டிருந்த பாலத்தையும் புயல் கொண்டுபோயிருந்த காலம் அது. சலங்கு என்கிற பெரிய துடுப்புப் படகுகள்தான் போய்ச் சரக்கை இறக்கிக்கொண்டு வரவேண்டும். அப்படி ஒரு சலங்கு அலையைத் தாண்டிக் கிளம்பியது. கப்பல் நேர் கிழக்கே நிற்கிறது. படகின் மூக்கோ வடக்கே சாய்ந்து, கருவடிக்குப்பம் பக்கம் பார்க்கிறது. பத்துப் பேர் துடுப்புப் போடுகிறார்கள். பின்னால் நிற்கிறவன் ஒரு கையை நீட்டி, கப்பலுக்கு நேரே விரல்களை விரித்தும் மடக்கியும் ஏதோ சபதம் செய்கிறான். இப்படியே போனால் இவர்கள் மரக்காணத்தில்தான் கரையேறுவார்கள் என்று எனக்குத் தோன்றியது.

ஓடிப்போய்த் துறைமுக அலுவலகத்தில் சொன்னேன். மேசைக்குப் பின்னால் வெள்ளை கோட்டு, வெள்ளை கால்சட்டை, பக்கத்தில் வெள்ளைத் தொப்பியோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர்தான் முசியே கபிரியேல், அலுவலகத் தலைவர். நான் மூச்சு வாங்கச் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு கேட்டார்:

“உங்களுக்குத் தோணிச்சா, அளந்தீங்களா?”

தோன்றியது என்றேன். “அப்ப போய் அளந்துட்டு வாங்க” என்று சொல்லிவிட்டு எழுதப் போய்விட்டார்.

திரும்பிப் போய் நின்றேன். முக்கால் மணி கழித்து அந்தச் சலங்கு கப்பலை ஒட்டி நின்றது. மூக்கு கடைசிவரை திரும்பவே இல்லை. வடக்கே பார்த்துக்கொண்டே நேர் கிழக்கே போயிருந்தது. தண்ணீர் தெற்கே ஓடுகிறது. அது தள்ளுகிற அளவுக்கு இவன் முன்கூட்டியே வடக்கே சாய்ந்துகொள்கிறான். ஒரு பொருள் பார்க்கும் திசை வேறு, போகும் திசை வேறு என்று பள்ளியில் அம்புக்குறி போட்டுக் காட்டியிருந்தார்கள். அம்புக்குறிக்குள் பத்துப் பேர் உட்கார்ந்து துடுப்புப் போடுவார்கள் என்று யாரும் சொல்லவில்லை. எனக்கு உடம்பு சிலிர்த்தது. மணல் என்று நினைத்து அலைக்குள் நின்றுகொண்டிருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மறுபடி போய், படகோட்டி குடிக்கவில்லை என்று சொன்னேன். முசியே கபிரியேல் ஒரு விண்ணப்பத் தாளை என் பக்கம் தள்ளினார்.

இப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. ஓய்வு பெற்றுவிட்டேன்.

இது வேடிக்கைக்குச் சொல்வது இல்லை. இந்த வருடம் பிரான்சும் இந்தியாவும் ஊர் கைமாறிய காகிதங்களை மாற்றிக்கொண்ட பிறகு, பழைய சர்க்கார் ஊழியர் ஒவ்வொருவருக்கும் இணையான பதவி எது என்று புதிய பட்டியலில் தேடினார்கள். ‘நீரோட்டக் கணக்கர்’ என்ற என் பதவிக்கு இணையாக எதுவும் கிடைக்கவில்லை. புதுப் பாலமும் வந்துவிட்டது. பிரான்சுக்குப் போகவும் எனக்கு மனமில்லை. எனவே கௌரவமாக வீட்டுக்கு அனுப்பினார்கள். ஓய்வு பெறுகிறவருக்குக் கைத்தடி கொடுப்பது அலுவலக வழக்கம், எனக்கும் கொடுத்தார்கள். போன வாரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு பாலத்தடியில் நின்றபோது, கிரேனில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர் வந்து, “அண்ணே, எட்டு வருசமா வெரல எண்றதுக்குத்தான் சம்பளம் வாங்கினீங்களாமே, மெய்யா?” என்று கேட்டார்கள். மெய்தான். எப்படி எண்ணினேன் என்பதை எழுதி வைக்கிறேன்.

படித்த கதையைச் சுருக்கிவிடலாம். திசைகாட்டி பார்க்க ஒரு மாதம், ஆழம் பார்க்கிற ஈயக்குண்டை வீசக் கற்றுக்கொள்ள மூன்று மாதம், வாந்தி எடுக்காமல் இருக்க ஒரு வருடம். அந்த 1954 கடைசியில் கொடி மாறியது. மேசைகள் மாறவில்லை, முசியே கபிரியேலும் மாறவில்லை.

வேலை என்னவென்றால் இது. காலை ஆறு மணிக்கு ஒரு சின்னப் படகில் அலைக்கு வெளியே போய் நங்கூரம் போட வேண்டும். நங்கூரம் தரையைப் பிடித்துவிட்டதா என்று கயிற்றை இழுத்துப் பார்க்க வேண்டும். முடிச்சுப் போட்ட ஒரு கயிற்றின் நுனியில் மரக்கட்டையைக் கட்டித் தண்ணீரில் விட வேண்டும். தண்ணீர் கட்டையை இழுத்துப் போகும். ஒரு நிமிடத்தில் எத்தனை முடிச்சு கையை விட்டுப் போகிறது என்று எண்ண வேண்டும். மூன்று தடவை. மூன்றும் ஒத்துவராவிட்டால் இன்னும் மூன்று. தண்ணீர் வடக்கிலிருந்து தெற்கே ஓடினால் படகுக்காரர்கள் வன்னி என்பார்கள். எதிர்ப்பக்கம் ஓடினால் தெண்டி. ஐப்பசியிலிருந்து தை வரை பெரும்பாலும் வன்னி.

அடுத்தது படகின் வேகம். மூக்கில் ஒருவன் ஒரு சிராயைப் போடுவான், அது வால் பக்கம் வந்து சேர எத்தனை நொடி என்று நான் கடிகாரத்தில் பார்ப்பேன். படகின் நீளம் தெரியும், வேகம் வந்துவிடும். தண்ணீர் வேகமும் படகு வேகமும் கையில் இருந்தால் எவ்வளவு சாய வேண்டும் என்று முக்கோணம் போட்டுக் கண்டுபிடிக்கலாம். ஆனால் படகுக்காரனிடம் பதினாறு பாகை என்று சொல்லிப் பயனில்லை. அவன் கையை நீட்டி, கப்பலுக்குப் பக்கத்தில் விரலை வைத்து அளப்பான். ஒரு விரல் அகலம் ஏறக்குறைய இரண்டு பாகை. கட்டைவிரல் சேராது. ஆகவே நான் ஒரு பட்டியல் தயாரித்தேன்: இந்த நீருக்கு இந்த வேகத்தில் இத்தனை விரல். எட்டு விரல் வரைதான் பட்டியல். அதற்கு மேல் போனால் படகு போகக் கூடாது.

அதற்கு முன்னால் ஒவ்வொரு தண்டலும் (படகின் தலைவனைத் தண்டல் என்பார்கள்) தன் மதிப்புக்கு விரல் வைப்பான். பாதிப் பேர் கப்பலைத் தாண்டிப் போய், திரும்பி எதிர்நீரில் துடுப்புப் போட்டு, வாயில் நுரை தள்ள வந்து சேருவார்கள். என் பட்டியல் வந்த பிறகு, காலை ஏழு மணிக்குக் கடற்கரைக் கம்பத்தில் பலகை தொங்கும்: ‘வன்னி. மூன்று விரல் வடக்கே.’ படகுகள் கப்பலின் ஏணியடியிலேயே போய் நின்றன. முசியே கபிரியேல் பட்டியலைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டச் சொன்னார். அவர் பாராட்டியது அவ்வளவுதான். எனக்கு அது தாராளமாகவே இருந்தது. ஒரு நாளைக்கு நாலு தடவை அந்தச் சுவர்ப் பக்கம் போவேன்.

குடித்திருக்கிறான் என்று நான் புகார் கொடுத்த தண்டல் தேசிங்குக்கு மட்டும் அதில் மரியாதை வரவில்லை. வைத்திக்குப்பத்துக்காரன், என் வயதுதான். இரவில் மீன்பிடி, பகலில் சலங்கு. “எங்க வெரல எங்களுக்கே எண்ணிக் காட்றதுக்கு சர்க்காரு ஒரு ஆள வச்சிருக்குது பாரு” என்று பத்துப் பேருக்கும் கேட்கிற மாதிரி சொல்வான். என்னை ‘வெரல் சாரு’ என்று கூப்பிட ஆரம்பித்தவனும் அவன்தான். ஆனால் பலகை சொன்ன விரலைத்தான் வைப்பான். நான் பார்த்திருக்கிறேன்.

முசியே கபிரியேலைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. வாய்வார்த்தையாக உத்தரவு போட்டதும் இல்லை. எல்லாம் துண்டுச்சீட்டு. பிஷ் என்பார். போகுமிடம், அது இருக்கும் திசை, தூரம், நீரோட்டம், விரல் என்று ஐந்து கட்டம். கையெழுத்துப் போடும் முன் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைப்பார், போட்டபின் மாட்டிக்கொள்வார். சீட்டில் இருக்கிற திசையை விட்டு அலுவலக மோட்டார் படகான லாஞ்சு ஒரு விரல்கூட மாறக் கூடாது. மாற வேண்டுமானால் புதுச் சீட்டு வேண்டும். அலுவலகத்தில் யாராவது ‘தோணுது’ என்று வாயெடுத்தால், கண்ணை மட்டும் உயர்த்திப் பார்ப்பார். பேசியவர் வெளியே போய் எதையாவது அளந்துகொண்டு வருவார்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். அந்த அலுவலகத்திலிருந்து கிளம்பிய எந்தப் படகும் நங்கூரம் போட்டு நிற்கிற ஒன்றைத் தவிர வேறெதையும் நோக்கிப் போனதில்லை. கப்பல் நிற்கும், நாங்கள் போவோம். கிளம்பும்போது இருந்த இடத்திலேயே சேரும்போதும் இருக்கும். அதனால் சீட்டில் ஐந்து கட்டம் போதுமாக இருந்தது.

என் ஐந்தாம் வருடக் கார்த்திகையில் ஒரு காலை. கப்பல் ஒன்று அரிசி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தது. தேசிங்கின் சலங்கு அதன் பக்கத்தில் கட்டியிருந்தது. பாதி மூட்டை ஏறியாயிற்று. திடீரென்று காற்று மாறி, கடல் எழும்பியது. இப்படிப்பட்ட திறந்த கடலில் கப்பல்கள் செய்வதை அந்தக் கப்பலும் செய்தது. நங்கூரத்தை எடுத்துக்கொண்டு ஆழத்துக்குக் கிளம்பியது. சலங்கை அவிழ்க்க முடியாத அலை, அதுவும் கூடவே இழுபட்டுப் போனது. பத்து மணிக்குக் கம்பியில்லாத் தந்தியில் செய்தி வந்தது. கலங்கரை விளக்கத்துக்கு நேர் கிழக்கே ஏழு மைலில் கயிறு அறுந்துவிட்டது. துடுப்புகள் பெரும்பாலும் போய்விட்டன. மழையில் சலங்கு கண்ணுக்குத் தெரியவில்லை. தேடித் திரும்பினால் கப்பலே அதன்மேல் ஏறிவிடும் என்ற பயம்.

சலங்கு ஆணி அடித்த படகு அல்ல, பலகைகளைக் கயிற்றால் தைத்தது. எப்போதும் கசியும், இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அரிசிப் பாரத்தோடு, அந்தக் கடலில், பதினொரு பேர் எத்தனை மணி நேரம் இறைப்பார்கள் என்பதுதான் கேள்வி.

லாஞ்சு தயார். அதை ஓட்டுகிற ராமலிங்கம் அரியாங்குப்பத்து விவசாயக் குடும்பத்தவர், மோட்டார் படித்து வேலைக்கு வந்தவர். சீட்டு எழுத உட்கார்ந்தோம். அன்று காலை நான் அளந்த வன்னி மணிக்கு இரண்டு மைல். லாஞ்சு வேகம் ஏழு. முசியே கபிரியேல் கேள்வியை முடிக்கும் முன்பே நான் பதில் சொல்லிவிட்டேன்: “எட்டு விரல் வடக்கே.” சுவரைக்கூடப் பார்க்கவில்லை.

அவர் வரைபடத்தில் ஏழு மைலில் ஒரு சிலுவைக்குறி போட்டார். தூரத்தைக் கவராயத்தால் இரண்டு தடவை அளந்தார். இரண்டு படி எழுதினார். தொப்பியைக் கழற்றினார். பிறகு, இதுவரை செய்யாத ஒன்றைச் செய்தார்: குடையை எடுத்துக்கொண்டு லாஞ்சில் ஏறினார். பதினாறு வருட உத்தியோகத்தில் அவர் கடலுக்குப் போனதில்லை. நடுக்கடலில் திசையை மாற்ற வேண்டி வந்தால் கையெழுத்து வேண்டுமே என்றார்.

படகுத்துறையில் தேசிங்கின் மனைவி அஞ்சலை நின்றாள். அழவில்லை. எத்தனை மணிக்குக் கொண்டுவருவீர்கள் என்று கேட்டாள். போக ஒரு மணி ஐந்து நிமிடம், கட்டி இழுத்து வர ஒன்றரை என்று மனதில் கூட்டி, “மத்தியானம் ஒண்ணு பத்துக்கு” என்றேன். அவள் அந்தப் பத்து நிமிடத்தை நம்பினாள் என்று நினைக்கிறேன். அவ்வளவு துல்லியமாக யாரும் பொய் சொல்ல மாட்டார்கள்.

ராமலிங்கம் சீட்டைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். “சார், நாம போற வரைக்கும் அது அங்கியே இருக்குமா?”

சேருகிற நேரத்தைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்து, நீரோட்டத்தைக் கணக்கில் சேர்த்தாகிவிட்டது, ஓட்டுங்கள் என்றேன். சேர்த்துத்தான் இருந்தேன். எங்களுக்கு மட்டும்.

ஒரு மணி ஐந்து நிமிடம் போனோம். மழை. அரை மைலுக்கு மேல் எதுவும் தெரியவில்லை. முசியே கபிரியேல் இஞ்சின் பெட்டிமேல் நிமிர்ந்து உட்கார்ந்து குடை பிடித்திருந்தார். இரண்டு தடவை கைக்குட்டைக்குள் வாந்தியெடுத்தார். இரண்டு தடவையும் நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். நேரம் முடிந்ததும் ராமலிங்கம் இஞ்சினை நிறுத்தினார். ஈயக்குண்டை இறக்கிப் பார்த்தேன். பதினெட்டுப் பாகம் (பாகம் என்றால் ஆறடி). வரைபடத்தில் சிலுவைக்குறி போட்ட இடத்தில் என்ன ஆழம் எழுதியிருந்ததோ அதே ஆழம். போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் பிசகில்லாமல் போய்ச் சேர்ந்திருந்தோம். படகுதான் இல்லை.

கத்திப் பார்த்தோம். சங்கு ஊதினோம். பத்து நிமிடம் ஆயிற்று. முழுகிவிட்டது என்று சொன்னேன்.

“தோணுதா, அளந்தீங்களா?”

அந்தக் கேள்வியை அந்த இடத்தில் கேட்கக்கூடிய ஒரே மனிதர் அவர். எனக்கு அவரைக் கடலில் தள்ளிவிடலாமா என்றிருந்தது. கடலே ஒரு குலுக்குக் குலுக்கி, அவர் தொப்பியை எடுத்துக்கொண்டது.

தொப்பி லாஞ்சுக்கு ஒரு கை எட்டும் தூரத்துக்கு அப்பால் விழுந்தது. காற்று அதற்குள் அடங்கியிருந்தது. கொக்கிக் கம்பு எங்கே என்று ராமலிங்கம் தேடினார். கொக்கிக் கம்பு கிடைக்க ஐந்து நிமிடம் ஆயிற்று. ஐந்து நிமிடமும் தொப்பி அதே இடத்தில், லாஞ்சுக்கு அதே தூரத்தில், மிதந்துகொண்டே இருந்தது. என் கையிலோ, ஆழத்தை மறுபடி பார்க்க அப்போதுதான் இறக்கிய ஈயக்குண்டின் கயிறு. குண்டு தரையில் கிடக்கிறது. நேராகத் தொங்கிய கயிறு இப்போது வடக்கே சாய்ந்து, கையிலிருந்து இழுத்துக்கொண்டு போகிறது. விட்டுக்கொடுத்துக்கொண்டே இருந்தேன். குண்டு எங்களை விட்டு வடக்கே போகிறது. தொப்பி எங்களை விட்டு எங்கும் போகவில்லை.

குண்டு எங்கே போகும்? அது தரையில் கிடக்கிறது. நாங்கள்தான் தெற்கே போகிறோம், தொப்பியும் கூட வருகிறது.

எட்டு வருட உத்தியோகத்தில் எனக்கு விளங்கிய விஷயம் இது ஒன்றுதான் என்று சொன்னாலும் தவறில்லை. கப்பல் ஈயக்குண்டின் கட்சி. நங்கூரத்தால் தரையோடு சேர்ந்தது. அதைப் பிடிக்க எட்டு விரல் சாய வேண்டும். தேசிங்கு தொப்பியின் கட்சி. தண்ணீர் எங்களை எவ்வளவு தள்ளுகிறதோ அவ்வளவு அவனையும் தள்ளும். அவனை நோக்கி மூக்கை நேராக வைத்திருந்தால் போதும், ஒரு விரலும் வேண்டாம். நான் எட்டு விரல் சாய்ந்து, ஏழு மைல் பாடுபட்டு, சலங்கு பத்து மணிக்கு இருந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறேன். வரும் வழியில் சாய்ந்ததால் வந்த பிசகு இரண்டு மைல். அவன் இரண்டு மைல் தெற்கே இருக்கிறான்.

அவரிடம் சொன்னேன். என்னால் நிதானமாகச் சொல்ல முடியவில்லை. தொப்பியைக் காட்டினேன், கயிற்றைக் காட்டினேன். அவர் இரண்டையும் பார்த்தார். குடையை ராமலிங்கத்திடம் கொடுத்துவிட்டு, கயிற்றைத் தன் கையில் வாங்கி, அது இழுப்பதைக் கொஞ்ச நேரம் உணர்ந்தார். பிறகு கடிகாரத்தை எடுத்தார்.

“கயிறு அறுந்தது பத்துக்கு. நான் கையெழுத்து போட்டது பத்தரைக்கு.”

மறந்தே போயிருந்தேன். நாங்கள் கிளம்பும் முன்பே அரைமணி நேரம் அவர்கள் தனியாக மிதந்திருக்கிறார்கள். இன்னொரு மைல்.

“மொத்தம் மூணு மைல்” என்றேன்.

“ஒரு மைல் என்னோடது” என்றார். வேறெந்த உணர்ச்சியும் முகத்தில் இல்லை. அலுவலக அரைமணியைக் கடல் மைலில் எண்ணியதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

நனைந்த பென்சிலால் சீட்டு எழுதினார். கழற்றத் தொப்பி இல்லை. கையைத் தலைவரை கொண்டுபோய்விட்டு எடுத்துக்கொண்டார். ராமலிங்கம் வாங்கிப் படித்தார்: தெற்கு, மூன்று மைல்.

“வெரல் கட்டம் காலியா இருக்குது சார்.”

“வெரல் வேணாம்.”

“வேணாம்னா சைபர்னு போட்டுக் குடுங்க. காலியா இருந்தா நான் எப்படி ஓட்றது?”

முசியே கபிரியேல் சீட்டை வாங்கி, சைபர் போட்டு, அதற்குப் பக்கத்தில் இன்னொரு கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

இருபத்தாறு நிமிடம். அந்த இருபத்தாறு நிமிடமும் நான் பயந்தது வழி தவறும் என்று அல்ல. நாங்கள் அங்கே நின்று கத்திய நேரமெல்லாம் வீண் என்று நினைத்தேன். பிறகுதான் உறைத்தது. தூரத்தைப் பொறுத்தவரை அது வீண் இல்லை. நாங்கள் நின்றபோதும் அவர்களோடு சேர்ந்துதான் மிதந்தோம். இடைவெளி ஒரு முழம்கூட ஏறவில்லை. ஆனால் சலங்கில் ஏறும் தண்ணீருக்கு இந்தக் கணக்கு தெரியாது.

இஞ்சினை நிறுத்தினோம். முதலில் மழைச் சத்தம். அப்புறம் தகரம் மரத்தில் இடிக்கிற சத்தம், சீராக, களைத்துப்போனவர்கள் இறைக்கிற சத்தம். கால் மைல்கூட இல்லை.

சலங்கு விளிம்புவரை இறங்கியிருந்தது. மூட்டையில் முக்கால்வாசியைக் கடலில் தள்ளிவிட்டிருந்தார்கள். பதினொரு பேர், எண்ணினேன். இரண்டு தடவை எண்ணினேன். தேசிங்கு இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி என்னையும், தொப்பியில்லாத முசியேவையும், குடையையும் மாறி மாறிப் பார்த்தான். குரல் அடைத்துப் போயிருந்தது.

“வெரல் சாரே, எங்க சுத்திக்கிட்டு இருந்தீங்க? நாங்க எங்கியும் போவலியே. இங்கியேதான இருந்தோம்.”

சத்தியமான வார்த்தை. தண்ணீரைப் பொறுத்தவரை அவன் ஒரு அடி நகரவில்லை. ஊரெல்லாம் சுற்றியது நான்தான்.

ஆட்களை லாஞ்சில் ஏற்றி, சலங்கைக் கட்டி இழுத்தோம். ஒரு மணி நேரம் இழுத்தபின் அது லாஞ்சின் வாலையும் சேர்த்து அமுக்கத் தொடங்கியது. தேசிங்கு யாரிடமும் கேட்காமல் கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்தான். அதற்குச் சீட்டு வேண்டும் என்று முசியே கபிரியேல் சொல்லவில்லை. சலங்கு மூக்கைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

மணி மூன்று. அஞ்சலை அதே இடத்தில் நின்றாள். புருஷனைக் கையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு என்னிடம் வந்தாள்.

“உங்க கடியாரத்துல இப்பதான் ஒண்ணு பத்தா?”

கடிகாரத்தைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் அறிக்கை எழுத வேண்டும். முசியே கபிரியேல் எழுதி முடித்துப் படித்துக் காட்டினார். நிற்காத பொருளைத் தேடிப் போகப் படிவத்தில் இடமில்லை. படிவத்துக்குப் பொறுப்பு தாம். ஒரு படகு போயிற்று என்று மூன்று வாக்கியம். என் பெயரே இல்லை. விரல் சொன்னது நான், என் பெயரையும் சேர்க்க வேண்டும் என்றேன்.

“உங்க தப்பு எவ்வளவு?” என்று கேட்டார்.

“ரெண்டு மைல்.”

“அளந்தது?”

“அளந்தது.”

“அப்ப சேத்துக்கலாம்” என்று நாலாவது வாக்கியம் எழுதினார். நடேசன், இரண்டு மைல். கபிரியேல், ஒரு மைல். இந்த மாதிரி ஒரு குற்ற அறிக்கை மேலிடத்துக்கு அதற்கு முன் போயிருக்காது. பதில் வரவில்லை. எப்படிப் பதில் எழுதுவது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

தேசிங்கு ஒரு மாதம் கழித்து வேறு சலங்கில் ஏறினான். ஒருநாள் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றவனிடம் தொப்பிக் கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “இதுக்கா சார் ஒரு தொப்பி? ராவெல்லாம் வலைய மொதக்க உட்டுட்டு, பக்கத்துலயே நாங்களும் மொதந்து தூங்குறோம். காலைல வல எங்கன்னு என்னிக்காவது தேடியிருக்கோமா? எங்க குப்பத்துல எந்தப் பொடிசும் சொல்லுமே. கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன்” என்றான். கேட்டிருக்க வேண்டியது உண்மைதான். அதைச் சொல்லக்கூடியவன் அன்று ஏழு மைலுக்கு அப்பால் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தான் என்பதுதான் சிக்கல்.

நான் பட்டியலுக்கு இரண்டாம் பக்கம் எழுதினேன். தலைப்பு ‘மிதப்பவற்றுக்கு’. எல்லா வேகத்துக்கும், எல்லா நீருக்கும் ஒரே எண்: சைபர். கீழே ஒரு குறிப்பு, கிளம்பும் முன் ஆன தாமதத்தைச் சேர்த்துக்கொள்ளவும். முசியே கபிரியேல் படித்துப் பார்த்தார். ஆனால் கண்ணாடி போட்டு மாட்டவில்லை. “இது ஒரு தடவ பலிச்சது. அதுவும் பாதி வழியில திரும்பி. ஒரு தடவ பலிச்சது தோணினதுக்குச் சமம்” என்றார். எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னது சரி என்பதால் கோபம் நாலு வருடம் நீடித்தது.

அந்த நாலு வருடத்தில் அதை அளக்க அனுமதி கேட்டு ஏழு விண்ணப்பம் போட்டேன். ஆள் ஏறிய படகை வேண்டுமென்றே மிதக்கவிட எந்த விதியிலும் இடமில்லை என்று ஏழும் திரும்பி வந்தன. இப்போது நான் ஓய்வு பெற்றவன். விதி எனக்கு இல்லை.

ஐப்பசி பிறந்து வன்னி இறங்கியதும் போகிறோம். தேசிங்கு இப்போது சொந்தமாக மோட்டார் போட்ட படகு வைத்திருக்கிறான். அவன் மச்சானிடம் ஒரு பழைய துடுப்புப் படகு இருக்கிறது. கலங்கரை விளக்கத்துக்கு நேர் கிழக்கே நாலு மைலில், துடுப்பில்லாமல் அந்தப் பழைய படகில் மிதக்கப் போவது நான். ஒரு மணி நேரம் கழித்துத் தேசிங்கு மோட்டாரில் கரையிலிருந்து கிளம்பி, இரண்டாம் பக்கத்தின்படி, அந்த ஒரு மணிக்கு உண்டானதைச் சேர்த்துக்கொண்டு, மற்றபடி சைபர் விரலில் வர வேண்டும். எத்தனை கெஜம் பிசகுகிறான் என்று அளப்போம். மூன்று தடவை. ஒத்துவராவிட்டால் இன்னும் மூன்று. தேசிங்கு ஒரே ஒரு நிபந்தனை போட்டான்: “மறக்காம நங்கூரம் எடுத்துக்குங்க வெரல் சாரே. என்னோட நம்பிக்கை வேற, உங்க உசுரு வேற.”

சீட்டு எழுதித் தர முசியே கபிரியேலிடம் போனேன். அவரும் இந்த வருடம் ஓய்வு பெற்றுவிட்டார், வயதாகி. இனி அதிகாரம் இல்லையே என்று நானே சொன்னேன். “கையெழுத்து இருக்கே” என்றார். தண்ணீரில் போட்டுப் பார்க்க அவருடைய புதுத் தொப்பியைக் கேட்டேன், தரவில்லை. பரவாயில்லை, கைத்தடி இருக்கிறது.

நேற்று சாயங்காலம் படகைப் பார்த்துவிட்டு வைத்திக்குப்பத்திலிருந்து திரும்பும்போது அஞ்சலை வழிமறித்தாள். விஷயம் முழுக்க அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

“எத்தினி மணிக்கு வந்து சேருவீங்க?”

போக நாலு மைல், மிதக்க ஒரு மணி, வன்னி இரண்டு மைல் என்று மனதில் எல்லாம் கூடி நின்றது. நிமிடம்வரை வந்துவிட்டது.

“போய்ட்டு வந்து சொல்றேன்” என்றேன்.